நான்காம் சரணம்

1914 ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்று முதல் தமிழில் எழுதுகிறேன். ஜெர்மனில் எழுதினால் என் மனைவி ஹெட்விக் படிப்பாள். அவள் மனம் கலங்கும் எதையும் மேசைமேல் விட்டுவைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த வருஷம் அவளுக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு முன்ஷி வைத்தோம். அரிச்சுவடியைத் தாண்டுமுன் தலைவலி வந்து நின்றுபோனது. உப்பு, தண்ணீர், கொண்டு வா, வேண்டாம். அவளுடைய தமிழ் அவ்வளவுதான்.

எனக்கோ இந்த மொழியைக் கற்றுக்கொண்ட ஞாபகமே இல்லை. இதே கீழப்பெருவளூர் மிஷன் வளாகத்தில், வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டில்தான் பிறந்தேன். அப்பா குருவானவர். ஏழு வயதில் என்னைக் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு விடுதி. ஹார்மோனியம் வாசிக்கப் பழகியது அங்கே. பாட்டு எழுதப் பழகியதும் அங்கேதான். வாத்தியார் பயிற்சி முடித்து, ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் சில காலம் இருந்துவிட்டு, இருபத்துநாலு வயதில் திரும்பி வந்தேன். அப்போது என்னை வரவேற்க அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வேப்பமரம் இருந்தது.

இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டு ஐந்து நாள். இன்று ஆராதனையில் மாசிலாமணி உபாத்தியாயர் ஜெபம் செய்தார். நம் ராஜாவின் சேனைகளுக்கு ஜெயம் தாரும் என்று வேண்டிக்கொள்ளும்போது ஒரு கணம் தயங்கினார். சபையார் ஆமென் சொன்னார்கள். ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்த நானும் சொன்னேன்.

ஆகஸ்ட் 12

போலீசார் வந்து தூரக்கண்ணாடியையும், வகுப்பில் தொங்கிய ஜெர்மனி வரைபடத்தையும் எடுத்துப்போனார்கள். வரைபடம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிகிறது. பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 20

ஊரைவிட்டு வெளியே போவதில்லை என்று கையெழுத்துப் போட்டேன். ஹெட்விக் பிரயாணப் பெட்டிகளைப் பிரித்துத் துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கினாள். எங்களுக்கு விடுப்பு மார்ச்சிலேயே கிடைத்திருந்தது.

"மார்ச்சுல போயிருக்கலாம்" என்றாள். அவள் பேசுவது ஜெர்மன். இங்கே எழுதும்போது எல்லார் பேச்சும் எனக்குத் தமிழாகவே வருகிறது.

"பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போற நேரம். உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

மழைக்கு முன் கூரை ஓடு மாற்ற வேண்டும். கொத்தனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 25

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டுவிட்டதாம். மாசிலாமணி மாலையில் வந்தார். எப்போதும் முன்கூடத்து நாற்காலியில் உட்காருபவர், இன்று சமையற்கட்டு வழியாக வந்து நின்றுகொண்டே பேசினார்.

"எண்ணெய்த் தொட்டியெல்லாம் எரிஞ்சுதாம் ஐயா. ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டு ரயிலடில கெடக்காங்களாம். நீங்க கொஞ்ச நாளைக்குக் கடைத்தெருப் பக்கம் போவாதீங்க."

"கப்பலுக்கு நான் வெளக்குக் காட்டினேன்னு சொல்றாங்களா?"

"சொல்றவன் எதையும் சொல்லுவான். உங்க காதுல விழ வேணாமேன்னு பாக்கறேன்."

அவரும் நானும் பன்னிரண்டு வருஷமாக ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். ஜெர்மன் ராகங்களுக்கு நான் எழுதும் ஞானப்பாட்டுகளைப் பாடிப் பார்த்து, எங்கே மூச்சு நிற்கவில்லை, எங்கே சொல் இடறுகிறது என்று சொல்பவர் அவர்தான். தனக்குப் பிடித்தது கீர்த்தனைதான் என்பதை ஒருநாளும் மறைத்ததில்லை. அவர் சமையற்கட்டு வழியாக வந்ததை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 19

பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர். உட்காரவில்லை. எதிரிநாட்டவர் பாடம் எடுக்கும் பள்ளிக்கு சர்க்கார் உதவி நிற்கும் என்றார். நான் சாவிக்கொத்தை மாசிலாமணியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பத்திரமா வெச்சிருக்கேன் ஐயா. முடிஞ்சதும் தந்துடறேன்."

நாலாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. எந்த இடத்தில் என்று அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

டிசம்பர் 24

வீட்டிலேயே ஹார்மோனியம் வாசித்தேன். மகள் மார்த்தா மட்டும் பாடினாள். ஹெட்விக் படுத்திருந்தாள்.

1915 ஜனவரி 17

மார்த்தாவை வளர்க்கும் ஆயா பாக்கியத்தின் அண்ணன் இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் வர வேண்டாம் என்று சபை மூப்பர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வளாகத்துக் கதவுக்கு உள்ளே நின்றேன். பிணப்பெட்டி தெருவில் போனபோது என் பாட்டைத்தான் பாடிக்கொண்டு போனார்கள்.

இருட்டில் என் கையைப் பிடித்தீர்,
இனி நான் வழியைக் கேளேன்;
கரை தெரியாக் கடலிலும் நீர்
கூட இருந்தால் மீளேனோ?

இந்தப் பாட்டை விடுதியில் இருந்த காலத்தில் ஜெர்மனில் எழுதினேன். அம்மா காலமான செய்தி வந்த வாரம் அது. எனக்குப் பதினாறு வயது. இங்கே வந்தபின் தமிழாக்கினேன். இந்தத் தாலுகாவில் இதைப் பாடாமல் அடக்கம் நடப்பதில்லை. இன்று முதன்முறையாக அதைத் தெருவில் போகும் ஒருவனைப் போலக் கேட்டேன். ராகம் நன்றாகத்தான் இருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பாக்கியம் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

அந்த நாலு வரியும் உண்மையா என்று ஒரு கேள்வி வந்தது. உள்ளே போய் விறகு உடைத்தேன்.

மார்ச் 3

புதிய பாட்டுப் புத்தகம் அச்சாகி வந்தது. மாசிலாமணி கொண்டுவந்து கொடுத்தார். என் பாட்டுகள் எல்லாம் இருக்கின்றன. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

"பேரைப் போட்டா புஸ்தகத்தையே நிறுத்திடுவாங்கன்னு பயந்தாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"பேர் எதுக்கு? பாட்டு இருந்தா போதும்" என்றேன்.

அவர் தலையசைத்தார். அட்டை நல்ல அட்டை. தையல் உறுதியாக இருக்கிறது. ஹெட்விக் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள், இரண்டு பக்கம் திருப்பினாள், வைத்துவிட்டாள். "இதுக்காகத்தான்" என்றாள்.

ஜூன் 14

மார்த்தாவுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. பள்ளி இல்லாததால் காலை முழுவதும் அவளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். தமிழ் சரளமாக வாசிக்கிறாள். பேச்சு முழுக்கப் பாக்கியத்தின் பேச்சு. ஜெர்மன் பேசும்போது மட்டும் வார்த்தைகளைத் தேடுகிறாள்.

சாப்பாட்டு மேசையில் ஹெட்விக் கேட்டாள்: "அவ யாரோட பேசி வளர்றா? நாளைக்கு என் அம்மா முன்னாடி போய் நின்னா, என் அம்மா அவகிட்ட என்ன பேசுவாங்க?"

"ஊருக்குப் போனா தானா வந்துடும்."

"உங்களுக்கு வந்துச்சா?"

நான் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தேன். மார்த்தா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எதுக்குச் சண்ட போடறீங்க?" என்று தமிழில் கேட்டாள். ஹெட்விக் என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ரொட்டி இன்னும் வேண்டுமாம் என்றேன்.

நாளை முதல் காலையில் ஜெர்மன் பாடம்.

ஆகஸ்ட் 21

உத்தரவு வந்துவிட்டது. ஆண்களை பம்பாய் மாகாணத்தில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்புவார்களாம். எப்போது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 26

இன்று புறப்பட்டேன். ரயிலிலிருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். ஒருவன் என்னிடம் படித்தவன். என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் நடந்தான். ரயிலடிக்கு மாசிலாமணி வந்திருந்தார், எல்லார் கண்ணிலும் படும்படி. தலைப்பாகையும் கோட்டும் போட்டு, பண்டிகை ஆராதனைக்கு வருவதுபோல் வந்திருந்தார். வேலைக்கு ஆபத்து என்று நான் மெல்லச் சொன்னேன்.

"போனா போவட்டும் ஐயா. ஒரு வருஷமா சந்து வழியாவே வந்து போயிட்டேன். எனக்கே என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல."

ஹெட்விக் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "சொல்லுங்க" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மார்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, நேரம் இருந்தது. மார்த்தாவுக்குக் குளிர்ச் சட்டைகள் தைத்துவிடு, ஆப்பிரிக்காவின் கேப் முனையைச் சுற்றும்போது குளிரும் என்றேன்.

மார்த்தா அழவில்லை. "சன்னலோரமா ஒக்காரு அப்பா. வெளிய பாத்துக்கிட்டே போனா பயம் தெரியாது" என்றாள்.

சன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கப்பலேற்றிய அன்று அம்மா ஒரு வெள்ளைக் குடை பிடித்திருந்தாள். அவள் முகம் ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 12

முகாம். தகரக் கூரை, முள்வேலி, செம்மண். மரம் இல்லை. பகலில் கூரை பழுக்கக் காய்கிறது. எங்கள் கொட்டகையில் வியாபாரிகள், மாலுமிகள், இரண்டு பாதிரிமார். பாதிரி பிரென்னர் என் அப்பாவை அறிந்தவர். என் பாட்டுகளையும் அறிந்தவர். வந்த அன்றே என்னைக் கட்டிக்கொண்டு, "கர்த்தர் உங்களை எங்களுக்காகத்தான் அனுப்பினார்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் குரூசே. சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஜெபத்துக்கு வருவதில்லை. வேட்டியைப் போல இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தூங்குகிறார்.

இந்த நோட்டைத் தணிக்கை அதிகாரி புரட்டிப் பார்த்தார். ஏன் இந்த எழுத்து என்றார். பழக்கம் என்றேன். அவரிடம் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. கடிதங்கள் மட்டும் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இருக்க வேண்டுமாம். மார்த்தா தமிழில் எழுதிய ஒரு கடிதம் வந்ததாகவும், அதைக் கொடுக்க இயலாது என்றும் சொன்னார். ஒரு பக்கம்தான், ஓரத்தில் பூனைப் படம் இருந்தது என்றார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நல்ல மனிதர்.

அக்டோபர் 10

மாலுமிகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு தொடங்கியிருக்கிறேன். குரூசேயும் வருகிறார். ஞாயிறுதோறும் ஹார்மோனியம் வாசிக்கிறேன். விரல் தானாகப் போகிறது.

நவம்பர் 28

ஹெட்விக்கும் மார்த்தாவும் ஏறிய கப்பல் புறப்பட்டுவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்கள். மேல்தளத்தில் காற்று நன்றாக இருக்கும். சிறுபிள்ளைகளை அங்கே விளையாட விடுவார்கள். எங்கள் காலத்தில் விட்டார்கள்.

டிசம்பர் 25

பிரென்னர் பிரசங்கம். நல்ல பிரசங்கம். என் பாட்டைப் பாடினார்கள், ஜெர்மனில். "கரை தெரியாக் கடலிலும்" என்ற இடத்தில் எல்லாருக்கும் அவரவர் மனைவி மக்கள் ஞாபகம் வந்திருக்கும். பலர் அழுதார்கள். வாசிப்பவன் அழக் கூடாது, தாளம் கெட்டுவிடும்.

1916 ஜனவரி 30

முகாம் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். பிரென்னர் ஏற்கனவே அங்கே இருந்தார். அவர் எழுந்து நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் யார் என்று தெரியவில்லை. ஹெட்விக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

கப்பலில் அம்மை கண்டதாம். பல பிள்ளைகளுக்கு. மார்த்தாவுக்கு அதற்குப் பிறகு மார்ச்சளி. கேப் முனை தாண்டியதும். கடலில் அடக்கம்.

ஹெட்விக் நலமாக ஊர் போய்ச் சேர்ந்தாள்.

பிப்ரவரி 6

துணி துவைத்தேன்.

பிப்ரவரி 13

பிரென்னர் தினமும் வருகிறார். என் பாட்டின் வரிகளையே எனக்குச் சொல்கிறார். "உங்க பாட்டே உங்களுக்கு ஆறுதல் சொல்லுமே" என்றார். அவர் சொல்வதில் குற்றமில்லை. எத்தனை வீடுகளில் நானும் இப்படிப் போய் உட்கார்ந்து, இதே குரலில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இப்போது ஞாபகம் வருகிறது. அதை நன்றி என்று நினைத்திருந்தேன்.

குரூசே என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறார். நேற்று வகுப்புக்கு நான் போகவில்லை. அவர் எல்லாரையும் உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த எழுத்துகளை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாராம். பாதி தப்பு என்று சொல்லிச் சிரித்தார்கள். இன்று போனேன்.

மார்ச் 19

பெரிய வெள்ளிக்குப் புதுப் பாட்டு ஒன்று வேண்டும் என்று பிரென்னர் கேட்டார். எழுதினால் என் மனம் இளகும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. முடியாது என்றேன். மூன்று முறை கேட்டுவிட்டார்.

ஏப்ரல் 9

எழுதினேன். துக்க ராகம் ஒன்று, பழைய ராகம், எல்லாருக்கும் தெரிந்தது. மூன்று சரணம். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

கதவைத் தட்டினேன், கர்த்தாவே,
கை வலிக்கத் தட்டினேன்;
உள்ளே விளக்கு எரிந்ததே,
ஒருவரும் வரக் காணேன்.

என் கையில் இருந்த சிறு கையைக்
காற்றும் நீரும் கொண்டன;
உம் கையில் கொடுத்தேன் என்பார்கள்,
உம் கையை நான் காணேன்.

சிலுவை மேல் நீர் கேட்ட கேள்வி
செவியில் நிற்குது இன்னமும்;
உமக்கும் பதில் வரவில்லையே,
உம்மோடு நானும் நிற்கிறேன்.

ஏப்ரல் 12

பிரென்னர் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு. நாலாம் சரணம் எங்கே?" என்றார்.

"அவ்வளவுதான்."

"பெரிய வெள்ளின்னா அதுக்குப் பின்னாடி ஈஸ்டர் இருக்கில்லையா? ஜனங்களை இருட்டுல விட்டுட்டுப் போக முடியுமா? ஒரே ஒரு சரணம். நீங்க நெனச்சா ஒரு மணி நேர வேலை."

"ஒரு மணி நேரம்கூட ஆகாது" என்றேன். "வார்த்தையெல்லாம் இருக்கு. விடியல், திறந்த கல்லறை, வெளிச்சம், எல்லாம் வரிசையா நிக்குது. அடுக்கினா போதும். இத்தனை வருஷமா அதைத்தான் அடுக்கிட்டிருந்தேன்."

"அதெல்லாம் பொய்யா?"

"பொய்னு சொல்லல. எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதிக் குடுத்து, அவங்களை எழுந்து நின்னு பாடச் சொல்ல முடியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதானவர். அவருடைய இரண்டு பையன்களும் போர்முனையில் இருக்கிறார்கள். "நானாவது ஒண்ணு எழுதிச் சேத்துக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரிடம் நான் கடுமையாகப் பேசியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 21, பெரிய வெள்ளி

பாடினார்கள். மூன்றாம் சரணம் முடிந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். இன்னும் வரும் என்று எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒருவர் இருமினார். தகரக் கூரை வெயிலில் படபடவென்று ஒலித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிரென்னர் ஆசீர்வாதம் சொல்ல எழுந்தார். அப்படியே கையை மட்டும் உயர்த்தினார்.

குரூசே வாசல் ஓரத்தில் நின்றிருந்தார். முதன்முறையாக வந்திருந்தார். கொட்டகைக்குத் திரும்பும்போது, "இது பாட்டு" என்றார்.

எனக்கு ஒன்றும் லேசாகவில்லை.

ஜூன் 4

ஹெட்விக்கின் கடிதம் வந்தது. கப்பலை விட்டு இறங்கியபின் அவள் எழுதிய முதல் கடிதம். பல ஊர்த் தணிக்கையைத் தாண்டி வந்திருக்கிறது. மையால் அடித்த இடங்கள் எதுவும் இல்லை. அடிக்க ஒன்றும் இல்லை அதில்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறாள். அம்மை இறங்கிய பிறகு காய்ச்சல் மறுபடி ஏறியதாம். கடற்காற்று பட்டால் மார்ச்சளி முற்றும் என்று கப்பல் டாக்டர் சொன்னாராம். அதனால் அறையின் வட்டச் சன்னலை இறுக மூடி, துணி வைத்து அடைத்தாளாம். தன் கம்பளியையும் பிள்ளையின் கம்பளியையும் சேர்த்துச் சுற்றி, இரவும் பகலும் மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டே இருந்தாளாம். ஒரு கணமும் கையை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். அந்த வரியின் கீழே கோடு போட்டிருக்கிறாள்.

பிறகு இப்படி:

"காய்ச்சல் ஏறியதும் ஜெர்மன் அவளை விட்டுப் போய்விட்டது. தமிழில்தான் பேசினாள். பாக்கியம் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். கப்பலில் எங்களோடு வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் அம்மை கண்ட அறைப்பக்கம் வரவில்லை. கடைசி இரண்டு நாளும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரியவில்லை. காதில் விழுந்தபடி எழுதுகிறேன். உங்களுக்குப் புரியும். அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதுங்கள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை."

ஜெர்மன் எழுத்தில் அந்த ஒலிகளைப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறாள். ஒருமுறை கண்ணால் பார்த்தேன், பிடிபடவில்லை. வாய்விட்டுப் படித்தேன். பாக்கியம் பேசுகிற மாதிரியே இருந்தது.

மூச்சு முட்டுது. வெலக்கிவுடு.

ஜூன் 5

வகுப்பு எடுத்தேன். கூட்டல்.

ஜூன் 9

குரூசே கேட்டார்: "வீட்டுக் கடுதாசிக்குப் பதில் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"காத்துக்கிட்டிருப்பாங்க."

ஜூன் 11

பதில் எழுதினேன். காகிதத்தை மடித்து ஒட்டாமல் கொடுக்க வேண்டும் என்பது விதி. தணிக்கை அதிகாரி என் முன்னாலேயே படித்தார். படித்து முடித்து என்னைப் பார்த்தார். "மன்னிக்கவும்" என்று மெல்லச் சொல்லி முத்திரை குத்தினார்.

நான் எழுதியது: அது பாக்கியம் அவளைத் தூங்கவைக்கும்போது சொல்கிற வார்த்தை. "பயமில்லை, பக்கத்தில் நீ இருக்கிறாய்" என்று அர்த்தம்.

ஜூலை 16

மழை. கூரை ஒழுகுகிறது. பிரென்னரின் மூத்த மகன் இறந்த செய்தி வந்தது. அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 27

குரூசே தன் தாய்க்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். ஐந்து வரி. இரண்டு பிழைகள். திருத்தவில்லை.

அக்டோபர் 29

ஹெட்விக்கின் கடிதம். கையெழுத்து பழையபடி நிமிர்ந்திருக்கிறது. என் கடிதம் வந்த இரவுதான் விடியும்வரை தூங்கினேன் என்று எழுதியிருக்கிறாள். தன் தாய்வீட்டில் உருளைக்கிழங்கு கிடைப்பதில்லை, டர்னிப் கிழங்கைத்தான் அவித்துத் தின்கிறார்கள். ஊர்ப் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தரப் போகிறாள். மார்ச்சைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை இனி நாம் இருவருமே பேச வேண்டாம், எனக்கு உங்கள்மேல் கோபமில்லை என்று.

கடைசிப் பத்தியை இங்கே அப்படியே தமிழில் எடுத்து எழுதுகிறேன்.

"மார்த்தாவின் வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். ஒவ்வொரு இரவும் விளக்கை அணைத்ததும், ஜெபத்துக்குப் பதிலாக, அதைத்தான் சொல்கிறேன். சொல்லும்போது அவள் என் கையில் இருப்பது போலவே இருக்கிறது. அம்மாவும் கற்றுக்கொண்டு என்னோடு சேர்ந்து சொல்கிறாள். இத்தனை வருஷம் உங்களோடு இருந்தும் தமிழ் கற்றுக்கொள்ளாமல் போய்விட்டேன். இந்த ஒரு வாக்கியத்தையாவது தப்பில்லாமல் சொல்ல வேண்டும். நான் சொல்கிறபடி கீழே எழுதியிருக்கிறேன். உச்சரிப்பு சரியா என்று பார்த்து எழுதுங்கள்."

அக்டோபர் 31

சரியாக இருக்கிறது என்று எழுதினேன்.